பிடரிக்குப் பின்னால் ஒரு கை

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவு ஒன்றில் கொழுந்து லொறி திடீரென்று முகம் காட்டுகிறது. சாரதி பிரேக்கை மிதிக்கிறார். நின்றுகொண்டிருப்பவர்கள் கொத்தாக முன்னே சரிகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களின் நெற்றி முன்னாசனக் கம்பியில் தட்டிவிட்டு வருகிறது. மடியில் பிள்ளையை வைத்திருக்கும் தாய் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பிள்ளையின் நெஞ்சையும் பிடித்துக்கொள்கிறார். சாரதிக்குப் பின்னாலுள்ள தடுப்புப் பலகையில் முதுகைச் சாய்த்து, பயணிகளைப் பார்த்தபடி டிக்கட் கிழித்துக்கொண்டிருக்கும் கொண்டக்டருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அவர் கம்பியைக்கூடப் பிடித்திருக்கவில்லை. பலகையோடு இன்னும் கொஞ்சம் அழுந்துகிறார், அவ்வளவுதான். மிச்சக் காசை எண்ணும் விரல்கூட நிற்பதில்லை.

ஒரே பஸ், ஒரே பிரேக். மற்ற எல்லாரும் தடுமாறும்போது அவர் மட்டும் எப்படித் தப்புகிறார்?

பழக்கம் என்று சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் முதல்முறையாக பஸ் ஏறிய ஒருவரை அதே பலகையில் அதே மாதிரி சாய்த்து நிறுத்தினாலும் அவரும் விழமாட்டார். காரணம் அவர் பார்த்து நிற்கும் திசையில் இருக்கிறது. சுவீடனிலும் நோர்வேயிலும் நான்கு வயது வரைகூடப் பிள்ளைகளை வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்காரவைத்து அழைத்துப் போகிறார்களே, அதன் காரணமும் இதுதான். அந்த ஆசனத்தைப் பின்னோக்கு ஆசனம் என்று அழைக்கலாம். பாதையைப் பார்த்தபடி பிள்ளையை உட்காரவைப்பது முன்னோக்கு ஆசனம்.

பள்ளிக்கூடத்தில் சடத்துவம் என்று படித்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு நிலைமம் என்று பெயர். ஓடும் பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கப் பார்க்கும், ஏதாவது அதைத் தடுக்கும் வரை. பிரேக் பிடிப்பது பஸ்ஸைத்தான்; பயணியை அல்ல. பஸ் வேகம் குறைந்த பிறகும் பயணியின் உடம்பு பழைய வேகத்திலேயே முன்னே போகிறது. அதை எது நிறுத்துகிறது, எங்கே பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நின்றுகொண்டிருப்பவரை அவருடைய உள்ளங்கை நிறுத்துகிறது. உட்கார்ந்திருப்பவரை முன்னாசனக் கம்பி நிறுத்துகிறது. கொண்டக்டரை அந்தப் பலகை, முதுகு முழுவதையும் ஒரே நேரத்தில் ஏந்தி நிறுத்துகிறது. அவர் எந்தத் திசையில் போகப் பார்க்கிறாரோ அந்தத் திசையில் சாய்வு ஏற்கனவே காத்திருக்கிறது.

வேகம் குறைவதை இலங்கைப் பாடநூல்கள் அமர்முடுகல் என்கின்றன. ஆர்முடுகலின் மறுபக்கம் அது. அமர்முடுகல் எவ்வளவு கடுமையானது என்பதை நிற்பதற்குக் கிடைக்கும் நேரம் முடிவுசெய்கிறது. உயரமாக வரும் கிரிக்கட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்தபடி பிடிப்பது அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டத்தான். கையை நீட்டி விறைப்பாக வைத்துப் பிடித்தவருக்கு விரல் வீங்கும்.

மோதலின் கடுமையை நோட்டன்காரர்களுக்கு விளக்க ஒரு வசதி இருக்கிறது. 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையம், நோட்டன் அணையில் தேங்கும் கெஹெல்கமு ஓயா நீரை மலைமேலிருந்து குழாயில் இறக்கித்தான் சுழலியைச் சுற்றுகிறது. உயரம் என்றால் வேகம், வேகம் என்றால் விசை என்பது அந்த ஊரின் அன்றாடக் காட்சி. வாகனத்தின் வேகத்தையும் அதே மாதிரி உயரமாக மாற்றிப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு கற்சுவரில் மோதுவது, ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். லயத்துக் கூரை முகட்டிலிருந்து விழுவது என்று வைத்துக்கொள்ளலாம். 40 என்றால் ஆறு மீற்றருக்கு மேல், இரண்டு மாடி உயரம். 50 என்றால் பத்து மீற்றருக்குக் கிட்ட, மூன்று மாடி. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகிறது. மலைப்பாதையில் யாரும் வேகமாக ஓட்டுவதில்லை என்று சமாதானம் சொல்பவர்கள் இந்த உயரங்களை ஒருமுறை மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டாம் மாடி ஜன்னலில் யாரும் பிள்ளையைப் பிடியில்லாமல் உட்காரவைப்பதில்லை.

இனி மடியில் இருக்கும் பிள்ளைக்கு வருவோம். ஒன்பது கிலோ எடையுள்ள, ஒரு வயதை நெருங்கும் பிள்ளை. வண்டி 40 கிலோமீற்றர் வேகத்தில் மோதி, அதன் முன்பகுதி அரை மீற்றர் நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். அந்த நிற்றல் முழுவதும் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அந்தக் கணத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்தத் தேவையான பலம், சராசரிக் கணக்கில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் பலம். உச்சத்தில் அதைவிட அதிகம். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது முழு நாட்கூலிக்கு, 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். ஐந்து முழுப்பேருக்கும் மேற்பட்ட கொழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில், இரண்டு கைகளின் மேல் ஒரேயடியாக வந்து விழுகிறது. கை வழுக்கும் என்பது மட்டுமல்ல. பிடிக்க வேண்டும் என்று மூளை கைக்குச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டி எல்ல பகுதியில் கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கி வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் சிக்கிய ஒரு தாய் தன் கைக்குழந்தையை அணைத்துப் பிடித்திருந்ததை நாடு முழுவதும் பார்த்தது. குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அந்தப் பிடியின் முன்னால் எந்தக் கணக்கும் பேசக் கூசும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நேருக்கு நேர் மோதும் வண்டியில் தாயின் கை தோற்றால் அது தாயின் குறை அல்ல. எந்த மனிதக் கையும் தோற்கும். அந்த வேலையைக் கையிடம் ஒப்படைத்ததுதான் பிழை.

தாயும் பிள்ளையுமாக ஒரே ஆசனப்பட்டியைப் போட்டுக்கொண்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. அது இன்னும் ஆபத்து. பட்டி பிடிப்பது வெளியே இருக்கும் பிள்ளையை. பின்னாலிருந்து தாயின் முழு எடையும் பிள்ளையைப் பட்டியோடு வைத்து நெரிக்கும்.

சரி, பிள்ளையைத் தனி ஆசனத்தில் உட்காரவைத்துப் பட்டி போட்டாகிவிட்டது. பாதையைப் பார்த்தபடி உட்காரட்டுமே, வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டுமே, என்ன கெட்டுப்போகும்?

கெட்டுப்போவது கழுத்து.

மலையகத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டிமார் கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, இடது கையைப் பிடரிக்குப் பின்னால் கொடுத்துக்கொள்வார்கள். சுடுதண்ணீர் ஊற்றும்போதும் அந்தக் கை நகராது. யாராவது புதிதாகப் பிள்ளையைத் தூக்க வந்தால் முதலில் வரும் எச்சரிக்கை, "கழுத்து நிக்காத பிள்ளை, பார்த்துத் தூக்கு" என்பதுதான். மூன்று நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும். பிறகு அந்தக் கை விலகிவிடும். வீட்டுக்குள், பாயில், தோளில், அது சரிதான். வண்டிக்குள் அது சரியில்லை. கழுத்து நிற்பது தசையின் காரியம். கழுத்து இறுகுவது எலும்பின் காரியம். இரண்டுக்கும் இடையே சில வருடங்கள் இருக்கின்றன.

பிறந்த குழந்தையின் தலை, உடம்பின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எடையிலும் இப்படித்தான்: கைக்குழந்தையின் எடையில் கால்வாசி தலையில்; வளர்ந்தவருக்கு நூற்றுக்கு ஆறு பங்கு அளவில். எழுபது கிலோ ஆள் ஒருவரின் தோளுக்கு மேல் பதினேழு கிலோவில் ஒரு தலை இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் பிள்ளையின் நிலைமை புரியும்.

அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை. வளர்ந்தவரின் முள்ளந்தண்டில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே உறுதியான வளையம். பிறந்த குழந்தைக்கு அந்தக் கண்ணிகளில் பெரும்பாலானவை மும்மூன்று துண்டுகள். துண்டுகளை இணைப்பது கசியிழையம், அதாவது காதுமடலில் தொட்டால் தெரியும் அந்த மெத்தென்ற குருத்து. பின்பக்கத் துண்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று கூட இரண்டு மூன்று வயதாகும். அவை முன்பக்கத் துண்டோடு கூடி முழு வளையமாக மூன்று முதல் ஆறு வயது வரை பிடிக்கும். தசைநார்களும் அந்த வயதில் இளகியவை. பிள்ளை வளைந்து நெளிந்து, கால் பெருவிரலை வாயில் வைத்துச் சப்ப முடிவதற்கும் இந்த இளக்கம்தான் காரணம்.

எலும்புக் கூட்டின் நடுவே ஓடும் முண்ணாண் என்ற நரம்புக் கயிறு அப்படி நீளாது. 1960இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, இறந்த சிசுக்களின் உடலிலிருந்து எடுத்த முள்ளந்தண்டை இழுத்துப் பார்த்து இந்த வேறுபாட்டைப் பதிவுசெய்தது. முள்ளந்தண்டு உடையாமல் ஐந்து சென்றிமீற்றர் வரை நீண்டது. அதற்குள் இருக்கும் முண்ணாணோ ஆறு மில்லிமீற்றர் அளவிலேயே அறுந்தது. படிக்க மனம் கனக்கும் ஆராய்ச்சி அது. ஆனால் அறுபது வருடங்களுக்குப் பிறகும் மருத்துவர்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறார்கள், ஏனென்றால் ஒரு புதிருக்கு அது விடை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு ஒன்றும் உடைந்திருக்காது. பிள்ளைக்கோ கழுத்துக்குக் கீழே உணர்வு இருக்காது. கூடு நீண்டு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. உள்ளே இருந்த கயிறு திரும்பவில்லை.

இப்போது முன்னோக்கு ஆசனத்தில் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வண்டி மோதுகிறது. பட்டி தோளையும் இடுப்பையும் பிடித்து நிறுத்துகிறது. தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது பழைய வேகத்தில் முன்னே போகிறது; அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும் வேலை கழுத்துக்கு மட்டும். நமது ஒன்பது கிலோப் பிள்ளையின் தலை இரண்டே கால் கிலோ என்றால், 40 கிலோமீற்றர் மோதலில் அந்தக் கழுத்தில் 25 கிலோ அரிசி மூடை ஒன்றைத் தொங்கவிட்டதற்கு மேற்பட்ட இழுவை விழுகிறது. உச்சக் கணத்தில் இன்னும் கூடும். கொழுந்துக் கூடையின் பாரம் முழுவதும் நெற்றிக் கயிற்றில் தொங்கும்போது கழுத்து என்ன பாடுபடும் என்பது கூடை சுமந்த தாய்மாருக்குத் தெரியும். அவர்களுக்கு முழுதாக இறுகிய எலும்பு. பிள்ளைக்கோ மூன்று துண்டும் கொஞ்சம் குருத்தும்.

அதே பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்தால், முன்னே போகப் பார்க்கும் உடம்பு ஆசனத்தின் சாய்வுக்குள் அழுந்துகிறது. தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே பலகையில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நிற்கின்றன. தலை முந்துவதில்லை, கழுத்து இழுபடுவதில்லை. பாரம் குறைந்துவிடவில்லை, அதே நூறு கிலோதான். ஆனால் அது இரண்டு பட்டிகளின் அகலத்திலும் ஒரு கழுத்திலும் விழாமல் முதுகு முழுவதும் பரந்து விழுகிறது. பாட்டியின் கை பிடரிக்குப் பின்னால் செய்த அதே வேலையை, எந்தக் கையாலும் முடியாத வேகத்தில், ஒரு பிளாஸ்ரிக் ஓடு செய்கிறது. கொண்டக்டரின் பலகையும் அதுவே.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக் கதை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்டாப், தண்டவாளத்தில் ஓடும் ரொக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு, மனித உடம்பு எவ்வளவு அமர்முடுகலைத் தாங்கும் என்று சோதித்தவர். 1947இல் தொடங்கிய அந்தச் சவாரிகளில் முதலாவதில் அவர் உட்கார்ந்தது பின்னோக்கி. 1954 டிசம்பர் 10ஆம் திகதி முன்னோக்கி உட்கார்ந்து மணிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டி, ஒன்றரைச் செக்கனுக்குள் நின்றார். கண்ணுக்குள் இரத்த நாளங்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வையே போயிற்று. பின்பார்த்து உட்காருவதே மேல் என்று அவர் விடாமல் சொன்னார். அமெரிக்க, பிரித்தானிய விமானப்படைகளின் படைகாவி விமானங்கள் பலவற்றில் ஆசனங்கள் வால் பக்கம் பார்த்து அமைக்கப்பட்டன. பயணிகள் விமானத்தில் கதவோரம் மடக்கு ஆசனத்தில் பயணிகளைப் பார்த்தபடி உட்காரும் பணிப்பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அவரும் பெரும்பாலும் பின்னோக்கித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பின்பார்த்து உட்காரும் அந்த முறையைக் குழந்தைகளிடம் கொண்டுவந்தவர் சுவீடன் மருத்துவர் பேர்டில் ஆல்ட்மன். விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகுக்கு அளவெடுத்த ஆசனத்தில் மல்லாந்து படுத்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். ரொக்கெட் மேலே பாயும்போது பாரம் முழுவதும் முதுகில் பரவ வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மோதும் காரில் பிள்ளைக்கும் இதுதானே வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1964இல் அவருடைய முதல் மாதிரி ஆசனம் வொல்வோ கார் ஒன்றில் சோதிக்கப்பட்டது. அதற்கு ஐந்து வருடம் முன்னர், 1959இல், அதே நிறுவனத்தில் நீல்ஸ் போலின் இன்று எல்லாக் காரிலும் இருக்கும் மும்முனை ஆசனப்பட்டியை வடிவமைத்திருந்தார். அவர் அதற்கு முன்னர் செய்த வேலை, போர் விமானிகளை வெளியே எறியும் ஆசனங்களை வடிவமைப்பது. வளர்ந்தவரின் பட்டியும் பிள்ளையின் ஆசனமும், இரண்டுமே பறப்பவர்களைக் காப்பாற்றப் பிறந்த அறிவிலிருந்து தரைக்கு இறங்கியவை.

அதன் பிறகு சோதனைப் பொம்மைகளின் காலம். கழுத்துக்குள் விசைமானி பொருத்திய பொம்மையைச் சறுக்கு வண்டியில் வைத்து மோதவிட்டு இழுவையை அளக்கிறார்கள். சுவீடனில் பிளஸ் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அது அளப்பது முக்கியமாகக் கழுத்தின் இழுவையைத்தான். அது வைத்திருக்கும் எல்லைக்குள் முன்னோக்கு ஆசனங்களால் நிற்க முடிவதில்லை.

பொம்மை பொம்மைதான், பாதையில் உண்மையில் என்ன நடக்கிறது? 1976 முதல் 1996 வரை சுவீடனில் வொல்வோ கார் விபத்துகளில் சிக்கிய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒன்றுமே போடாத பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் பின்னோக்கு ஆசனத்தில் இருந்தவர்களுக்குக் காயம் பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருந்தது. கார் செய்பவர்களே சேர்த்த பதிவு அது என்பதையும், சுவீடன் பாதைகள் நமது பாதைகள் அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் படிப்பினையானது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டாவது வயதில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னோக்கு ஆசனம் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்றது. அந்த "ஐந்து மடங்கு" உலகம் முழுவதும் பரவியது. 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இரண்டு வயது வரை பின்னோக்கி உட்காரவைக்கச் சொன்னதில் அதற்கும் பங்கு உண்டு. பிறகு வேறு சிலர் அதே தரவை எடுத்துக் கணக்குப் போட்டபோது அந்த விடை வரவில்லை. மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு விபத்துக்கும் எவ்வளவு முக்கியத்துவம் தருவது என்ற எடைக் கணக்கைக் கையாண்ட விதத்தில் தவறு இருந்தது. 2018இல் அந்த ஆய்வு மீளப்பெறப்பட்டது. புதிய கணக்கிலும் பின்னோக்கி இருந்த பிள்ளைகளுக்குக் காயம் குறைவாகவே இருந்தது. ஆனால், எந்தத் திசையில் இருந்தாலும் ஆசனத்தில் சரியாகக் கட்டப்பட்ட பிள்ளைகளில் பலத்த காயம் அடைந்தவர்கள் மிகச் சிலரே என்பதால், அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று நிரூபிக்கும் அளவுக்குத் தரவு போதவில்லை.

இதைக் கேட்டதும் அப்படியானால் எல்லாம் பொய்யா என்று கேட்கத் தோன்றும். இல்லை. "ஐந்து மடங்கு" என்ற எண்தான் விழுந்தது. பிள்ளையின் கழுத்தெலும்பு மூன்று துண்டு என்பது விழவில்லை. பொம்மையின் கழுத்தில் அளந்த இழுவை விழவில்லை. சுவீடன் அனுபவம் விழவில்லை. அதே 2018இல் குழந்தை மருத்துவர் கழகம் தன் பரிந்துரையைத் திருத்தியபோது, இரண்டு வயது என்ற எல்லையை எடுத்துவிட்டு, ஆசனம் அனுமதிக்கும் எடையும் உயரமும் இருக்கும் வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்று சொன்னது. ஆதாரங்களில் ஒரு கால் ஒடிந்தும் மேசை நின்றது. எந்தத் திசையானாலும் ஆசனத்தில் கட்டியிருப்பதே பெரிய பாதுகாப்பு என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. மடியில் பிள்ளையோடு போகும் நாட்டுக்கு அதுதான் முதல் செய்தி.

ஐரோப்பாவின் புதிய விதிப்படி பதினைந்து மாதம் வரை பின்னோக்கி இருப்பது கட்டாயம். தமிழர்கள் நிறைந்த கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒன்பது கிலோ வரை கட்டாயம். இலங்கையில் முன்னாசனத்தில் இருப்பவர்களுக்கு 2011 ஒக்டோபரிலிருந்து ஆசனப்பட்டி கட்டாயம். குழந்தை ஆசனத்துக்கு நாடளாவிய சட்டம் இல்லை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை பதிந்தது.

சட்டம் இல்லாதது ஒன்று. வண்டி இல்லாதது இன்னொன்று. நோட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளையின் முதல் பயணம் பெரும்பாலும் கிளங்கன் வைத்தியசாலையிலிருந்து வாடகை வேனிலோ முச்சக்கரவண்டியிலோதான் நடக்கிறது. தோட்ட நாட்சம்பளத்தில் புதிய ஆசனம் வாங்குவது என்றால் பல வாரச் சம்பளம். முச்சக்கரவண்டியில் ஆசனப்பட்டியே கிடையாது. அதில் எந்தக் குழந்தை ஆசனத்தையும் உறுதியாகக் கட்ட வழியில்லை. இந்த உண்மையை மறைத்துவிட்டுப் பெற்றோருக்கு உபதேசம் செய்வது நியாயமில்லை. வேனும் முச்சக்கரவண்டியும் இரண்டும் கிடைக்கும் நாளில், பிள்ளையோடு போகிறவர்கள் நடு வரிசையில் மும்முனைப் பட்டி உள்ள வேனைத் தேடுவது மட்டும் கைக்கு எட்டும் காரியம். ஊருக்கு நாலு ஆசனம் வாங்கி வைத்து, பிரசவம் முடிந்து வருகிறவர்களுக்கு இரவல் கொடுப்பது ஒரு சங்கத்தாலோ கோயில் சபையாலோ முடியாத காரியமும் அல்ல.

ஆசனம் கிடைத்தவர்களுக்கு மலைநாட்டில் மட்டும் வரும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று சாய்வு. பச்சைக் குழந்தையின் ஆசனம் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்துபோனால் தலை முன்னே கவிழ்ந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் மடங்கும். பல ஆசனங்களின் பக்கவாட்டில் கொத்தனாரின் மட்டக்குழாய் போல ஒரு சிறு குமிழி அல்லது கோடு இருக்கும். அதைப் பார்த்துச் சரிசெய்யும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். லயத்து இறக்கத்தில் நிறுத்தி வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தால், டவுனுக்கு வந்ததும் ஆசனம் வேறு கோணத்தில் இருக்கும். நோட்டனில் சமதரை கண்டுபிடிப்பது இலேசல்ல. பஸ் தரிப்பிடம் போல ஓர் இடத்துக்கு இறங்கி வந்து பூட்டுவது நல்லது.

மற்றது குளிர். ஸ்வெட்டர், அதன்மேல் ஜெர்சி, அதன்மேல் கம்பளி என்று சுற்றிய பிள்ளையை ஆசனத்தில் வைத்துப் பட்டியை இழுத்தால் இறுகியது போலத்தான் தெரியும். மோதும்போது அந்தக் கம்பளி நசுங்கி, பட்டிக்கும் உடம்புக்கும் இடையே இடைவெளி விழும். பிள்ளை அதற்குள் நகரும். மெல்லிய சட்டையோடு உட்காரவைத்து, பட்டியை இறுக்கி, அதன் பிறகு கம்பளியை மேலே போர்த்த வேண்டும். தோளுக்கருகே பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கலாம். மடிப்புப் பிடிபட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது.

முன்னாசனத்தில், காற்றுப்பை இயங்கும் நிலையில், பின்னோக்கு ஆசனத்தை ஒருபோதும் வைக்கக்கூடாது. காற்றுப்பை விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரை ஒட்டியது. அது வந்து அறைவது பிள்ளையின் தலைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்ரிக் ஓட்டைத்தான். 1990களில் அமெரிக்காவில் பல சிசுக்கள் இப்படி இறந்தன. இந்த எச்சரிக்கை ஆசனங்களிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின்வரிசைதான் பிள்ளைக்கு இடம்.

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் அனுப்பும் பழைய ஆசனங்கள் இப்போது மலையகத்துக்கும் வருகின்றன. வாங்கியதும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் அடியில் செய்த திகதியோ காலாவதித் திகதியோ பொறித்திருக்கும். வெயிலிலும் குளிரிலும் வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்ரிக் முறுகிப்போகும். ஒருமுறை மோதலில் சிக்கிய ஆசனம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே கீறியிருக்கலாம். அனுப்பியவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஐரோப்பிய ஆசனமானால் வண்டியின் பட்டி போக வேண்டிய வழியை நிறத்தால் காட்டியிருப்பார்கள்: பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்கச் சிவப்பு.

பிள்ளை வளர வளரக் கால்கள் வண்டி ஆசனத்தின் சாய்வில் முட்டும். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் ஆசனத்தை முன்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கால் மடங்குவது கணக்கில் இல்லை. உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் இடம் இல்லாமல் போகும்போதோ, ஆசனத்தில் எழுதியுள்ள எடையைப் பிள்ளை தாண்டும்போதோதான் அடுத்த ஆசனத்துக்குப் போக வேண்டும். அதுவரை கால்களை எங்கே வைப்பது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்காம்பராவில் பாயில் உட்காருவது போல, சம்மணம் போட்டுக்கொண்டு, பின்கண்ணாடியில் தேயிலை மேடு பின்னோக்கிப் போவதைப் பார்த்தபடி வரும்.